கடைசி பஸ்ஸும் பச்சை ஃபில்டரும்

ஊரில் எல்லோரும் அவரைக் 'கடைசி பஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். சவ வண்டி ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் அமையாது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. "என் வண்டியில ஏறினவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்லை" என்பார். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்த அவர் மனைவிக்குத்தான் அந்தப் பெயர் ஆகவே ஆகாது. வார்டில் யாராவது "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கேட்டால், "டிராவல்ஸ் வச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவாள்.

அந்த ஊரின் இடுகாடு குன்றின் மேலே இருந்தது. கீழே இருந்த இடத்தையெல்லாம் உயிரோடிருப்பவர்கள் வளைத்து வீடு கட்டிக்கொண்டதால், போனவர்கள் மேலே ஏற வேண்டியதாகிவிட்டது. பாதை முழுக்கச் செம்மண். செங்குத்தான ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. நாலு தூறல் விழுந்தால் சாதாரண வேன்கள் வழுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடும். அதனால்தான் கடைசி பஸ், கல் குவாரிக்காரர் கழித்துக்கட்டிய பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி, பின்பக்கத்தை நீட்டிக் கண்ணாடி வைத்து, வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. சேற்றிலும் மழையிலும் மாடு மாதிரி ஏறும்.

அந்த மாடு ஒருநாள் ஏற்றத்தில் இரைக்க ஆரம்பித்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டீசல்ல இருக்கிற தூசியையும் தண்ணியையும் இந்த ஃபில்டர்தான் பிடிச்சு வைக்கணும். இது மூச்சு முட்டிப்போய்க் கிடக்கு. நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, மாட்டித் தர்றேன்."

'நல்லதா' என்பது கடைசி பஸ்ஸுக்கு ஒத்துவராத சொல். பற்பசை ட்யூபைக் கத்தரியால் பிளந்து உள்ளே சுரண்டிப் பல் தேய்க்கிற மனிதர். 'வர்றவங்க தட்டினா கேக்காதா' என்று காலிங் பெல்லைக் கழற்றி விற்றவர். அவர் ஃபில்டர் வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் மனைவி சொன்னாள்: "உங்களையே வண்டியில மாட்டிக்கலாமே. வடிகட்டின கஞ்சன்தானே நீங்க!"

உதிரி பாகம் விற்கும் தெருவில் அண்ணன் தம்பி இருவர் கடை வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் அது ஒரே கடை. அப்பா ஆரம்பித்தது. ஒரிஜினல் சாமான் மட்டும்தான் விற்க வேண்டும் என்று அண்ணனும், ஆளுக்கும் விலைக்கும் தக்கபடி எல்லாம் விற்கலாம் என்று தம்பியும் மல்லுக்கு நின்று, கடைசியில் நடுவே பிளைவுட் தடுப்பு வைத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை அடியோடு நின்றது. தடுப்பு வைக்க வந்தவரிடம் அப்பா ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம் பிடித்தார். தன் நாற்காலியை நகர்த்தக் கூடாது. அதனால் தடுப்பு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. பெரியவரின் இடது பாதி அண்ணன் கடையிலும் வலது பாதி தம்பி கடையிலும் உட்கார்ந்திருந்தன. இரண்டு பக்கத்திலிருந்தும் டீ வரும். இரண்டையும் குடிப்பார்.

கடைசி பஸ் முதலில் அண்ணன் கடைக்குப் போனார். பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி ஒன்றை அண்ணன் இரண்டு கைகளாலும் எடுத்து வைத்தார்.

"கம்பெனி சரக்கு. இதைப் போட்டா உங்களுக்கு அப்புறமும் இஞ்சின் ஓடும்."

"எனக்கு அப்புறம் ஓடி என்ன பண்ணப்போகுது? என்னை ஏத்திக்கிட்டுப் போகவா?" என்றபடி விலையைப் பார்த்தார். பெட்டியை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டுத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு தம்பி கடைக்குப் போனார்.

தம்பி மூன்று ஃபில்டர்களை வரிசையாக வைத்தார். வெள்ளை, நீலம், பச்சை. விலையும் அதே வரிசையில் இறங்கியது.

"வெள்ளைக்கும் பச்சைக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"வெள்ளையில ரப்பர் வளையம் கெட்டியா இருக்கும், காத்து புகாது. அடியில தண்ணியை வடிக்கிறதுக்குத் திருகு இருக்கு. கம்பெனி சரக்கு மாதிரியே உழைக்கும், விலை பாதிதான். நீலம் பரவாயில்லை."

"பச்சை?"

"பச்சை பச்சைதான் அண்ணே" என்றார் தம்பி, கூரையைப் பார்த்தபடி.

கடைசி பஸ் நாற்காலியில் இருந்த பெரியவரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கய்யா. எதை வாங்கலாம்?"

பெரியவர் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை பார்த்தார். "ரெண்டு பக்கமும் என் பசங்கப்பா. என்னை இதுல இழுக்காதே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் மூன்றையும் 'பார்த்துட்டுத் தர்றேன்' என்று சொல்லித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஃபில்டருக்குள் இருப்பது மடித்த காகிதம்தானே, எடை அதிகமானால் காகிதம் அதிகம், காகிதம் அதிகமானால் உழைப்பும் அதிகம் என்று அவர் வழியிலேயே ஒரு கணக்குப் போட்டிருந்தார். சரியான தராசு எங்கே கிடைக்கும்? நேரே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனார்.

குழந்தைகளை எடை பார்க்கிற தட்டில், அழுக்காகக் கூடாதே என்று ஒரு துணியில் சுற்றி, ஒவ்வொன்றாக வைத்தார். அந்த நேரம் பார்த்து வந்த நர்ஸ் துணி மூட்டையையும் முள்ளையும் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்னங்க இது, எடை இவ்வளவு கம்மியா இருக்கு! தாய் எங்கே?"

"கடையில இருக்குங்க. இதைவிட எடை கூடின ஒண்ணும் இருக்கு, பச்சை" என்றார் கடைசி பஸ்.

ஆயாவான மனைவி ஓடிவந்து அவரைக் கையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனாள். ஆனால் அதற்குள் அவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. மூன்றில் பச்சைதான் அதிக எடை. குறைந்த விலைக்கு நிறைய சரக்கு. எடைக் கணக்கைச் சொல்லி மற்ற இரண்டையும் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே பச்சையை மாட்டச் சொன்னார். மெக்கானிக் அதைக் கையில் வாங்கி, ரப்பர் வளையத்தை நகத்தால் கீறிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கியபடியே மாட்டினார்.

அடுத்த மழைக்காலம் தொடங்கியபோது பெரியவர் காலமானார், நாற்காலியிலேயே. அண்ணனும் தம்பியும் தனித்தனியாகப் போன் செய்து வண்டி சொன்னார்கள். கடைசி பஸ் இருவரிடமும் "வர்றேன்" என்றார். ஒரே வண்டியைத்தான் கொண்டுபோனார்.

முன் சீட்டில் பெரியவரின் மனைவி. பின்னால் பெட்டிக்கு இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தம்பி. இருவரும் ஆளுக்கொரு ஜன்னலை முறைத்தபடி வந்தார்கள். சொந்தக்காரர்கள் குடை பிடித்துப் பின்னால் நடந்தார்கள். இரண்டாவது வளைவு தாண்டி ஏற்றம் நிமிர்ந்ததும் வண்டி இருமியது. அப்புறம் விக்கியது. அப்புறம் நின்றே போனது.

கடைசி பஸ் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். கூடவே இறங்கி வந்த அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். பச்சை ஃபில்டர் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"இது எந்தக் கடைச் சரக்கு?"

கடைசி பஸ் மென்று விழுங்கினார். "அது வந்து... தடுப்புக்கு அந்தப் பக்கம்."

அண்ணன் தம்பியிடம் நேராகப் பேசவில்லை. குன்றைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "பெத்த அப்பனை நடுவழியில நிறுத்திட்டானே, அவன் சரக்கு லட்சணத்தைப் பாருங்க!"

தம்பியும் குன்றிடமே பதில் சொன்னார்: "நான் வெள்ளையைத்தான் வாங்கச் சொன்னேன். எடை போட்டு வாங்க இது என்ன உருளைக்கிழங்கா?"

குடைகள் எல்லாம் பானெட்டைச் சுற்றிக் கூடிவிட்டன. இறந்தவரை மறந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் தன் டிராக்டருக்குப் பழைய பனியன் துணியே போதும் என்றார். ஒரு பெண்மணி தன் வீட்டுக்காரர் காருக்கு ஃபில்டர் மாற்றியதே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். அந்த வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி பஸ் கையால் பம்ப் அடித்து, டீசல் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றிப் பார்த்தார். வண்டி நாலு முழம் ஏறி மறுபடி நின்றது.

"நான் போய் ஒரிஜினல் எடுத்துட்டு வர்றேன்" என்றார் அண்ணன்.

"நான் வெள்ளையை எடுத்துட்டு வர்றேன்" என்றார் தம்பி.

அங்கே இருந்தது தாய்மாமனின் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். இருவரும் சாவியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் தம்பி ஓட்ட, அண்ணன் பின்னால் உட்கார்ந்து, தம்பியின் சட்டையைத் தொடாமல் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி குன்றிறங்கிப் போனார்கள்.

முன் சீட்டில் இருந்த அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது திறந்தார்.

"வண்டியை வீட்டுக்குத் திருப்புப்பா."

"அம்மா?"

"இந்த மனுஷன் உயிரோட இருக்கும்போதும் இவனுங்க சண்டையைக் கேட்டார். இப்பவும் கேக்கணுமா? இதுங்க ரெண்டும் வாயை மூடின அப்புறம் கொண்டுவரலாம். திருப்பு."

கடைசி பஸ் மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அகலமான இடம் பார்த்து எல்லோரையும் தள்ளச் சொல்லி வண்டியைப் பள்ளத்தைப் பார்க்கத் திருப்பினார். மறுபடி பம்ப் அடித்து ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடாமல் குயில் மாதிரி ஓடியது. நிற்குமென்று காத்திருந்தார். நிற்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டீசல் டேங்க் வண்டியின் பின்பக்கம். மேட்டைப் பார்த்து நின்றால் டேங்க் கீழே போய்விடுகிறது, டீசலை உறிஞ்சி இழுக்க வேண்டும், அந்தச் சொத்தை ரப்பர் வழியாகக் காற்றும் சேர்ந்து வருகிறது. பள்ளத்தைப் பார்த்து நின்றால் டேங்க் மேலே. டீசல் தானாகவே இறங்கி வருகிறது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஐயாவை ரிவர்ஸ்லயே மேல ஏத்திடட்டுமா?"

அம்மா கீழே தெரிந்த கடைத்தெருவைப் பார்த்தார். "அவர் கடையைப் பார்த்துக்கிட்டே போவாரா?"

"பார்த்துக்கிட்டேதான் போவார்."

"அப்ப ஏத்து."

ரிவர்ஸ் கியரில், கழுத்தைத் திருப்பியபடி, கடைசி பஸ் குன்றேறினார். நடந்து வந்தவர்களுக்கு வண்டிக்கு முன்னால் போவதா பின்னால் போவதா என்று புரியவில்லை. பாதிப் பேர் அப்படியும் பாதிப் பேர் இப்படியும் நடந்தார்கள். கீழே தெருவில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். பெரியவருக்குப் போக மனசில்லையாம், ஊரைப் பார்த்தபடியே போகிறாராம் என்று ஒருவர் சொல்ல, அதற்குள் கடைத்தெரு முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது.

ஆளுக்கொரு பெட்டியோடு திரும்பி வந்த அண்ணனும் தம்பியும் வளைவில் வண்டியைக் காணாமல் திகைத்தார்கள்.

"அப்பா எங்கடா?" என்றார் அண்ணன். தடுப்பு வைத்த பிறகு தம்பியிடம் அவர் நேராகக் கேட்ட முதல் வார்த்தை அது.

"தெரியலையே அண்ணே" என்றார் தம்பி.

டயர் தடத்தைப் பார்த்து இருவரும் மேலே ஓடினார்கள். அடக்கம் நடந்தபோதும் ஃபில்டர் பெட்டிகள் அவர்கள் கக்கத்திலேயே இருந்தன. முடிந்ததும் இடுகாட்டு வாசலில், பானெட்டின் மேல் கடைசி பஸ் இரண்டையும் பிரித்தார். இந்தத் தடவை எடை பார்க்கவில்லை. ரப்பர் வளையத்தை அழுத்திப் பார்த்தார். அடித் திருகைத் திறந்து மூடினார். மரையை வண்டியில் சுற்றிப் பார்த்தார். அண்ணனின் ஒரிஜினல் அருமையான சாமான்தான், ஆனால் அவசரத்தில் வேறு வண்டிக்கானதை எடுத்து வந்திருந்தார். தம்பியின் வெள்ளை பொருந்தி உட்கார்ந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரப்பர்ல கொஞ்சம் டீசல் தடவி இறுக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

அதோடு அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. நாற்காலி காலியாகிவிட்டதால் தடுப்பை முழுதாக இழுத்து மூட ஆள் வந்தார். அவர் அளவெடுக்கும் முன்னால் அம்மா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது இரண்டு பக்கத்து டீயும் அவருக்கு வருகிறது.

கடைசி பஸ்ஸின் வண்டி வெள்ளை ஃபில்டரோடு எந்த ஏற்றத்தையும் முன்பக்கமாகவே ஏறியது. அவருக்குப் பரம திருப்தி. அப்போதுதான் வேறொரு சாவு வீட்டிலிருந்து மருமகள் வந்து நின்றாள்.

"எங்க மாமனாரையும் அதே மாதிரி ஊரைப் பார்த்தபடி ஏத்தணும்."

"வண்டியைச் சரி பண்ணிட்டேம்மா. இப்ப நேராவே போகும்."

அவள் முகம் சிவந்தது. "கடைக்காரங்க வீட்டுக்கு மட்டும்தான் அந்த மரியாதையா? எங்களைப் பார்த்தா இளப்பமா?"

அவர் விளக்கினார். டேங்க், ரப்பர், காற்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வேறு வழியில்லாமல் ரிவர்ஸில் ஏற்றினார். அதற்கடுத்து ஒரு தலைமையாசிரியர் வீடு. அதற்கடுத்து ஒரு தையல்காரர் வீடு. முன்பக்கமாகப் போகச் சம்மதித்த வீடு ஒன்றுகூட இல்லை. ஒரு மழை நாளில் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் கழுத்து இடது தோள்பக்கமாகத் திரும்பி அப்படியே பிடித்துக்கொண்டது.

வீட்டில் மனைவி தைலம் தேய்த்தாள். "கொஞ்சம் நேரா பாருங்களேன்" என்றாள்.

"நேராத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார் கடைசி பஸ், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு."