எனக்கு ஒரு ‘இல்லை’ கொடுத்த தாய்

எழுதத் தெரியாதவள் எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். ஆனாலும் மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்பு, ஆடி மாதம். எங்கள் ஊர் வடக்கனந்தலிலிருந்து, நெஞ்சு வலிக்கிறது என்ற என் தங்கை செல்வியை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வெறும் வாயுதான், வீட்டுக்குப் போகலாம் என்றார். செல்வி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“மூச்சு அடைக்குதுன்னு சொல்லேன் யக்கா.”

நான் டாக்டரைப் பார்த்து “சரிங்க” என்றேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் வேறெதுவும் சொல்லிப் பழக்கமில்லை. மறுநாள் செல்வி போய்விட்டாள்.

அந்தக் குரல் என்னை விடவில்லை. குழாயடியில், கரும்புக் கொல்லையில், பஸ்ஸில், காதருகே “சொல்லேன் யக்கா” என்று கேட்கும். அவள் மகளை நான்தான் வளர்க்கிறேன். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பாள். காய்ச்சல் என்று முடித்துவிடுவேன்.

போன வருடம், நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகக் கள்ளக்குறிச்சியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கடைசியில் இங்கிலீஷில் பேச்சுப் பரீட்சை. பரீட்சை வைக்கும் சார் ஒரு கருத்தைச் சொல்வார். நாம் நம் பக்கத்தைக் காரணத்தோடு பேச வேண்டும். அவர் எதைச் சொன்னாலும் நான் “எஸ் சார்” என்றேன். பெயில்.

“இன்னாக்கா நீ? அவரு வேணும்னேதான் ஏடாகூடமா சொல்வாரு. நீ மறுத்துப் பேசுனாதான் மார்க்கு” என்றாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்.

“பெரியவங்க சொல்லிக்கினு இருக்கும்போது எப்பிடிம்மா இல்லன்றது?”

கூடப் படித்தவள் சிரித்தாள். “அக்காவுக்குப் பரீட்ச வச்சா சாருதான் பாஸாவாரு.”

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. அதுவும் போனால் சான்றிதழ் கிடையாது, வேலையும் கிடையாது. கோயிலுக்குப் போய் அழுதேன். தாயே, இங்கிலீஷ்கூட வேண்டாம், ஒரே ஒரு ‘இல்லை’ கொடு என்று கேட்டேன்.

பரீட்சையன்று சார் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். நோயாளி வலிக்கிறது என்கிறார், டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்கிறார், போய்விட வேண்டியதுதானே?

‘எஸ்’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. காதருகே கேட்டது. “சொல்லேன் யக்கா.”

“நோ சார்” என்றேன்.

டாக்டர் படித்தவராயிற்றே என்றார் சார். மூச்சு அடைப்பது அடைக்கிறவளுக்குத்தான் தெரியும் என்றேன். டாக்டருக்கு நேரமில்லை என்றார். அஞ்சு நிமிஷம் கேட்டால் ஓர் உயிர் இருக்கும் என்றேன். சார் திரும்பத் திரும்ப மடக்கினார். நான் மாறவில்லை. இங்கிலீஷ் முழுக்கத் தப்பு. கண்ணெல்லாம் தண்ணீர்.

“தப்பு ஜாஸ்திதான்மா. ஆனா காரணத்த வுடல நீங்க. பாஸ்” என்றார்.

குரல் இன்னும் கேட்கிறது. முன்பு காதைப் பொத்திக்கொள்வேன். அன்று அம்மன்தான் செல்வியின் குரலில் வந்தாள் என்று இப்போது நம்புகிறேன். வேலை பார்க்கும் வீட்டில் சந்தேகம் வந்தால் டாக்டரிடம் இரண்டாம் முறையும் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது தொண்டையில் ஒரு சொல் நின்றுபோயிருந்தால் அம்மனிடம் கேளுங்கள். கொடுப்பாள். எனக்கு ஆறு வருடம் கழித்துக் கொடுத்தாள். அதற்கும் கும்பிடுகிறேன்.

பரீட்சைக்கு மறுநாள் காலை, டாக்டர் முன்னால் அன்று நடந்ததைச் செல்வியின் மகளிடம் முழுதாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.