தூங்குமூஞ்சி மரத்துக்கு ஆள் தேடிய கதை

இந்தப் பக்கத்தில் இதுவரை மலையேறியிருக்கிறேன், படகில் போயிருக்கிறேன், ரயிலைத் தவறவிட்டு முன்பின் தெரியாத ஊரில் திருதிருவென்று விழித்திருக்கிறேன். இந்த முறை போன தூரம் மொத்தமே இருபத்திரண்டு கிலோமீட்டர். மயிலாப்பூரில் கிளம்பி தி.நகர், ஈக்காட்டுத்தாங்கல், அடையாறு வழியாக மறுபடி மயிலாப்பூர். "இதெல்லாம் ஒரு பயணமாம்மா?" என்று கேட்பவர்கள் வாசலில் ஒரு பெரிய மரத்தை வைத்துக்கொண்டு, அதைப் பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடிவிட்டு வந்து கேட்கட்டும்.

எங்கள் அடுக்குமாடி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. அடிமரம் மதிலுக்கு உள்ளே, பாதிக் கிளைகள் மதிலைத் தாண்டி நடைபாதைக்கு மேலே. அந்த நிழலில்தான் செல்வி இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள். ஐப்பசிக் காற்றில் ஒரு நாள் பட்டப்பகலில் ஒரு கிளை முறிந்து வண்டியின் கூரையைப் பிளந்துவிட்டது. செல்வி டீ குடிக்கப் போயிருந்தாள். டீக்கடைக்காரர் அன்று சீக்கிரம் டீ போட்டிருந்தால், குடித்துவிட்டுத் திரும்பி வந்து அந்தக் கூரைக்குக் கீழேதான் நின்றிருப்பாள்.

சங்கச் செயலாளர் ராகவன் மாமா அன்று மாலையே கூட்டம் போட்டார். "நம்மாத்து வாசல்ல ஒரு உசிர் போயிட்டா யார் பதில் சொல்றது? மரத்தை எடுத்துடலாம்" என்றார். அனுமதிக்கு அலைந்து, அதையும் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வெட்டுவதாக முடிவாயிற்று. செல்வி என்னைப் படியில் மடக்கினாள்.

"அக்கா, மரம் போச்சுன்னா நான் எங்க நிக்கறது? இஸ்திரிப் பொட்டிச் சூடு ஒருபக்கம், வெயிலு ஒருபக்கம். ரெண்டுல ஒண்ணு தாங்கலாம், ரெண்டும் தாங்க முடியுமா? சும்மா நிக்கிற மரத்த இன்னாத்துக்கு வெட்றாங்க?"

நான் அடுத்த கூட்டத்தில் எழுந்து, விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும்வரை கை வைக்கக்கூடாது என்று கத்தினேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பேஷா அழைச்சுண்டு வாங்கோ. சனிக்கிழமைக்குள்ள வரணும்" என்றார். அன்று வியாழன். இந்தப் பயணம் நடந்தது வெள்ளிக்கிழமை.

காலை ஒன்பதேகாலுக்குக் கோயில் குளத்துப் பக்கம் 12பி பேருந்து கிடைத்தது. கார் இருந்தும் பேருந்தா என்றால், தி.நகரில் காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் மரம் தானாகவே விழுந்துவிடும். சாதாரணக் கட்டணப் பேருந்து, அதனால் பெண்களுக்குக் காசு இல்லை. ஐந்து கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆனது.

தி.நகரில் பார்க்கப் போனது மாமா ஏற்பாடு செய்திருந்த ஒப்பந்தக்காரரையே. எதிரியின் கோட்டைக்கே போய்விடுவோம் என்று ஒரு வீம்பு. ஒரு நகைக்கடைக்குப் பின்னால் சின்ன அறை. பலகையில் மரம் வெட்டுதல், கொசு மருந்து, தண்ணீர்த் தொட்டி சுத்தம் என்று எல்லாமும் இருந்தது. பெயர் முத்துப்பாண்டி, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நல்ல மனிதர், பழச்சாறு வாங்கிக் கொடுத்தார். கைபேசியில் மரத்தின் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"வெட்டிரலாம்க்கா. இது நிக்காது."

"நேர்ல பாக்காமலேயா?"

"இதுல பாக்க என்னக்கா இருக்கு? விறகு எங்களுக்குன்னு விட்டுட்டீங்கன்னா கூலியில பாதி தள்ளிரலாம். அப்படித்தான செயலாளர்ட்ட பேசியிருக்கு."

இந்த ஊர் வழக்கமே இதுதான். வெட்டிய மரம் வெட்டியவருக்கு. பருத்த மரமென்றால் கூலி குறையும். பல்லைப் பிடுங்கும் வைத்தியருக்குப் பல்லையும் கூலியில் சேர்த்துக் கொடுத்தால், எந்தப் பல்லை அவர் விட்டுவைப்பார்? இதற்கு ஏதாவது லைசென்ஸ், பரீட்சை உண்டா என்று கேட்டேன். "அனுமதி மரத்துக்குத்தான்க்கா. ஆளுக்கு எதுக்கு?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இல்லாத ஒன்றை அவர் எங்கே போய் வாங்குவார்?

அங்கிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஆட்டோ. ஐந்து கிலோமீட்டர், பேரம் பேசி நூற்றைம்பது ரூபாய். மரம் அறுக்கும் மோட்டார் ரம்பங்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று அங்கே இருப்பதாகக் கேள்வி. ஊரில் உள்ள வெட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துதானே ஆகவேண்டும் என்பது என் கணக்கு. விஷயத்தைச் சொன்னதும் ஆட்டோக்காரர் தலையைத் திருப்பினார்.

"அத்த இன்னாத்துக்கு மேடம் தேடிக்கினு? என் மச்சான் கீறான். சூப்பரா வெட்டுவான்."

"அவருக்கு அதுதான் தொழிலா?"

"பெயிண்டரு. ஏறத் தெரியும்ல, அப்புறம் இன்னா?"

"உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"ஆட்டோவுக்கா? இல்லாம ஓட்ட முடியுமா மேடம்? புட்சிர மாட்டான்?"

மூன்று சக்கர வண்டியை ஓட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டும், வீட்டில் மின்சார வேலை செய்வதற்கு வேண்டும். தெருவுக்கு மேலே நாற்பதடி உயரத்தில் ரம்பத்தோடு தொங்குவதற்கு ஒரு மச்சான் போதும். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பட்டறையில் கேட்ட ஒரே கேள்வி: "உங்ககிட்ட வர்றவங்கள்ல யாரை உங்க வீட்டு மரத்துல ஏற விடுவீங்க?" பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். "ஒரு மேடம் வருவாங்க. ஷர்மிளான்னு. ரம்பத்தோட ஹெல்மெட்டையும் எடுத்துகினு வந்து, பட்டி லூசா கீது, மாத்திக் குடுன்றாங்க. இங்க வர்றவன் எவனும் ஹெல்மெட்டே போட மாட்டான்." அவரே போன் போட்டுக் கொடுத்தார். அடையாறில் ஒரு வீட்டில் வேலையாக இருப்பதாகவும், சாப்பாட்டு நேரத்தில் வந்தால் பேசலாம் என்றும் அந்தப் பெண் சொன்னாள். பின்னணியில் ரம்பம் இரைந்தது.

கிண்டியில் வண்டி மாறி, சர்தார் பட்டேல் சாலை நெரிசலில் வெந்து, அடையாறு போய்ச் சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. அங்கே மாமரம் ஒன்றின் மேல் இரண்டு பேர் இடுப்பில் கயிறோடு இருந்தார்கள். அறுத்த கிளை எதுவும் தொப்பென்று விழவில்லை. ஒவ்வொன்றும் கயிற்றில் கட்டப்பட்டுத் தொட்டில் பிள்ளை மாதிரி மெதுவாக இறங்கியது. ஷர்மிளாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தாவரவியல் படித்து, வெளிநாட்டுச் சங்கம் ஒன்று நடத்தும் பரீட்சையில் தேறி, சில வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்கிறாளாம். அட, ஆள் கிடைத்துவிட்டாள் என்று மனசு குதித்தது. படத்தை நீட்டினேன். கையால் தள்ளிவிட்டாள்.

"படத்தைப் பாத்துச் சொல்ல மாட்டேன் மேடம். நாளைக்குக் காலைல வரேன். பாக்கறதுக்குத் தனி ஃபீஸ். வெட்டினாலும் அதேதான், வெட்டாட்டியும் அதேதான். விறகு உங்களுக்கு."

சனிக்கிழமை சொன்னபடி வந்தாள். ரப்பர் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக் காதைக் கொடுத்தாள். ஏணி போட்டு ஏறி, நடைபாதைப் பக்கக் கிளையிலும் தட்டினாள். அங்கே சத்தம் மாறியது எனக்கே கேட்டது. கீழே மாமா, நான், செல்வி மூன்று பேரும் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்கள் போல நின்றோம்.

"மரம் விழவே விழாதுன்னு எழுதித் தருவேளாம்மா?" என்றார் மாமா.

"மாட்டேன் சார். எந்த மரத்துக்கும் யாரும் அப்படித் தர முடியாது. தரேன்னு சொல்றவங்களை நம்பாதீங்க."

எனக்குத் திக்கென்றது. இவளைத் தேடியா வெயிலில் அலைந்தேன்?

அவள் மேலே காட்டினாள். முன்னொரு காலத்தில் யாரோ அந்தப் பெரிய கிளையைப் பாதியில் மொட்டையடித்திருக்கிறார்கள். வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி உள்ளே மக்கிவிட்டது. அதன் விளிம்பில் முளைத்துத் தடித்தவைதான் செல்வியின் தலைக்கு மேலே இருப்பவை. அவற்றுக்குப் பிடிமானம் கிடையாது. முறிந்து விழுந்தது அதில் ஒன்று, மற்றவையும் வரும். "அடிமரமும் மதிலுக்கு உள்பக்கக் கிளைகளும் நல்லா இருக்கு. நடைபாதைப் பக்கக் கிளையை மட்டும் முழுசா எடுக்கணும். வருஷா வருஷம் ஒருத்தர் வந்து பாக்கணும்."

செல்விக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப நிழலு?"

"நடைபாதையில இருக்காதுக்கா. நிழல் இனிமே உள்ளதான். கேட்டைத் தாண்டி அந்த முதல் இடம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் இடத்தில் என் கார் நின்றுகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கிய கார். அந்த நிழலுக்காகவே இரண்டு வருடம் சண்டை போட்டு வாங்கிய இடம். மாமா கண்ணாடியைத் துடைத்தார். வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். யோசித்துச் சொல்கிறேன் என்று மாடியேறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முத்துப்பாண்டிக்குப் பதில் ஷர்மிளாவின் ஆட்கள் வந்தார்கள். பால் வாங்கப் போன என்னையே, "ஹெல்மெட் இல்லாம கயித்துக்குள்ள வராதீங்க" என்று ஷர்மிளா விரட்டினாள். பெரிய கிளை கயிற்றில் இறங்கி நடைபாதையில் படுத்தது. செல்வி கிட்டே போய்க் குனிந்தாள். வெட்டுவாய் ஓட்டைக்குள் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் போனது. வெளியே எடுத்தபோது பிடி நிறையக் காப்பித்தூள் மாதிரி மக்கிப்போன மரம்.

"இதுக்குக் கீழதான் நான் நின்னுகினு இருந்தேனாக்கா?"

மரத்தைத் தொடாதே என்று கூட்டத்தில் நான் கத்தியது அப்படியே பலித்திருந்தால், மிச்சக் கிளைகளும் இவள் தலையில்தான். மாமா பயந்ததும் நியாயம், நான் கத்தியதும் நியாயம். இரண்டு பேருக்கும் மரம் தெரியாது என்பதுதான் விஷயம். மாடிக்குப் போய்க் கார் சாவியை எடுத்து வந்தேன்.

இதே மாதிரி அலையப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை போகாதீர்கள், தி.நகர் தாங்காது. படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்பவரிடம் பழச்சாறு மட்டும் குடித்துவிட்டு வாருங்கள். விறகைக் கூலியில் சேர்க்காதீர்கள். சான்றிதழ் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய், கிளை விழுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, நீங்கள் கேட்க ஆசைப்பட்ட பதிலையே சொல்பவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

இப்போது செல்வியின் வண்டி முதல் இடத்தில் நிற்கிறது. என் கார் எதிர்த் தெருவில் மொட்டை வெயிலில். நேற்று ஏறி உட்கார்ந்து, "ஆ" என்று அலறிக்கொண்டு இறங்கினேன். நிழலில் நின்றபடி செல்வி கூவினாள்:

"சீட்டு கவர கயட்டிக் குடுக்கா. அதான் சூடாவே கீதே, பொட்டி வெக்காமலே மடிச்சுத் தரேன்!"