காப்புக் கட்டிய கேமராக்காரன்

எங்கள் ஃபீஜியில் வயதை ஆட்சிக் கவிழ்ப்புகளை வைத்துக் கணக்கிடுவோம். முதல் கவிழ்ப்பின்போது எனக்கு மீசை அரும்பியது. இன்னொன்றின்போது கல்யாணம். நான் சொல்லப்போகும் கவிழ்ப்பின்போது எனக்குத் தொப்பையும் ஒரு தொழிலும் இருந்தன. விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பவர்களைப் படம் பிடிப்பதுதான் தொழில். தலைக்கவசத்தின் மேல் கேமராவைத் திருகிக்கொண்டு நானும் கூடவே குதிப்பேன். பயிற்சியாளரின் வயிற்றோடு சேர்த்துக் கட்டப்பட்ட உல்லாசப் பயணிகள் வாய் கிழிய அலறுவதைப் பதிவுசெய்து, இசை சேர்த்து, அவர்களுக்கே விற்பேன். ராணுவம் துப்பாக்கியோடு தெருவுக்கு வந்ததும் பயணிகள் வருவது நின்றுவிட்டது. காசு கொடுத்துப் பயப்பட வந்தவர்களுக்கு இலவசப் பயம் பிடிக்கவில்லை.

அதன்பிறகு கிடைத்ததெல்லாம் நாட்டை விட்டுக் குடிபெயர்பவர்களின் வழியனுப்பு விழாக்கள். லவுத்தோக்காவில் அதே மண்டபம், அதே ஆட்டுக்கறி, அதே பேச்சு. குடும்பம் மட்டும் வாராவாரம் மாறும். "இந்த மண்ணை மறக்க மாட்டோம்" என்று சொல்பவரின் முகத்தைக் கிட்டத்தில் காட்டுவேன். விமானத்தில் பெட்டியின் எடை கூடிப்போகுமோ என்ற கவலைதான் அதில் பளிச்சென்று தெரியும்.

என் மைத்துனன் முந்தைய கவிழ்ப்பிலேயே பிரிஸ்பேன் போய்விட்டவன். தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவான். "அத்தான், இன்னும் அங்க உக்காந்து என்னத்தக் கிழிக்கிறீங்க?" என்பான். என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை. புத்தகம் நிறைய படித்தவன் நான். அதனால் பதிலை மூன்று நாள் கழித்துத்தான் யோசித்துக் கண்டுபிடிப்பேன்.

பயணிகள் இல்லாத காலத்தில் எனக்கு மிஞ்சியது எங்கள் குதிப்பு அணி. நால்வர் அணி என்பார்கள். கேமராக்காரனைச் சேர்த்தால் ஐந்து பேர். தலைவி லம்பாசா பக்கத்துக் கரும்புக் குடும்பத்துப் பெண், லவுத்தோக்காவில் நர்ஸ். சர்க்கரை ஆலையில் ஃபிட்டர்களாக இருந்த அண்ணன் தம்பி இருவர். நான்காமவர் பூர்வகுடி ஃபீஜியர், ரக்பி ஆடிய தோள், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. நாடு காலியாவதை நாங்களெல்லாம் செய்தித்தாளில் படித்தோம். அவருக்கு அது முதுகு வலியாக வந்தது.

ஆட்டம் எளிது, விளையாடுவதுதான் கஷ்டம். பத்தாயிரம் அடியில் வெளியேறியதிலிருந்து முப்பத்தைந்து நொடி. அதற்குள் நால்வரும் ஒருவர் கையையும் காலையும் ஒருவர் பிடித்து, முன்பே சொல்லப்பட்ட உருவங்களை வரிசையாக அமைக்க வேண்டும். ஒன்றை முடித்து, முழுக்கக் கைவிட்டு, அடுத்ததைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நடுவர்கள் தரையில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பார்கள். என் கேமரா காட்டுவது மட்டுமே அவர்களுக்கு நடந்தது; ஒரு கை மறைந்தால் புள்ளி போச்சு. மேலேயிருந்து நான்கு பேரின் எட்டுக் கைகளையும் படச் சட்டத்துக்குள் வைத்தபடி, அவர்கள்மேல் விழாமல் விழுவது என் வேலை.

அந்த ஆகஸ்டில் நர்ஸுக்கு ஆஸ்திரேலிய விசா வந்தது. வார இறுதியில் விமானம். போவதற்கு முன் எங்கள் குதிப்பு ஒன்றைத் தேசிய சாதனையாகப் பதிவு செய்யவேண்டும் என்றாள். நாட்டில் அதுவரை யாரும் அதற்கு விண்ணப்பித்ததே இல்லை. நாலு பேர் ஒரு தடவை கையைப் பிடித்தாலே சாதனைதான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"எட்டு பிடிக்கணும், அண்ணா," என்றாள்.

"எப்பவும் ஏழுதானே வருது?"

"ஏழு நாம தினமும் பண்றது. எட்டு பண்ணிட்டுத்தான் நான் ஏறுவேன்."

அவள் பேசியதில் பாதிக்கு மேல் ஃபீஜி ஹிந்தி. தமிழ் புரியும், சண்டைக்கு மட்டும் வாயில் வரும். நான் இங்கே தமிழாக்கித் தந்திருக்கிறேன், அதட்டல் அவளுடையது.

சிக்கல் என்னிடம் இருந்தது. அந்த வாரம் நான் மாரியம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தேன். பக்தி ஒரு பாதி. மறுபாதி, மைத்துனன் எனக்காகத் தலைநகர் சுவாவில் ஏற்பாடு செய்திருந்த விசா மருத்துவப் பரிசோதனை. காப்புக் கட்டியவன் தீ மிதிக்கும்வரை இரவில் கோயிலிலேயே தங்க வேண்டும், எல்லை தாண்டக்கூடாது. எங்கள் எல்லை, ஊரோரம் ஓடும் ஆறு. சுவா அந்தப் பக்கம். அம்மனைக் காட்டி ஆஸ்திரேலியாவிடமிருந்து தப்பிக்கப் பார்த்தவன், அணியிடம் மாட்டிக்கொண்டேன். நல்ல வேளையாகக் குதிக்கும் மைதானம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கரும்புக்கு நடுவில் இருந்தது. ஆனால் வானம் எந்தப் பக்கம்?

பூசாரி எங்கள் ஊரில் தமிழை இன்னும் தமிழாகவே பேசும் சிலரில் ஒருவர். வேப்பிலை உருவிக்கொண்டே கேட்டார்.

"மேல எம்மாந்தூரம் போவ?"

"ரெண்டு மைல் இருக்கும், சாமி."

"கீழ எங்க எறங்குவ?"

"இந்தப் பக்கந்தான். காத்து அடிச்சா ஆத்துக்கு அந்தப் பக்கம் தள்ளலாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தாண்டுறதுன்னா கால் மண்ணுல படணும். அந்தரத்துல நீ எங்க மெதந்தாலும் ஆத்தாளுக்கு ஆட்சேபம் இல்ல. அந்தக் கரையில கால் வெச்சே, காப்பு போச்சு."

வானத்துக்கு இவ்வளவு தெளிவான சட்டத்தை நான் எந்த அரசாங்கத்திடமும் கேட்டதில்லை.

தரைச் சட்டம்தான் குழப்பம். விமானம் பறக்க அனுமதி வந்துவிட்டது. கூட்டம் கூடத் தடை இருந்தது. குதிப்பதற்கு முன் நால்வரும் தரையில் நடந்தே எல்லா உருவங்களையும் பிடித்துப் பழக வேண்டும். வெட்டவெளியில் அப்படிச் செய்தால் அனுமதியில்லாக் கூட்டம். திருவிழாவுக்கு மட்டும் அனுமதி இருந்ததால், ஒத்திகையைக் கோயில் முற்றத்துக்கு மாற்றினோம். நால்வரும் குனிந்து, ஒருவர் காலை ஒருவர் பிடித்து, விட்டு, சுழன்று, மறுபடி பிடித்தார்கள். நான் ஒரு முக்காலிமேல் நின்று கேமரா வழியே பார்த்தேன். பந்தலில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் இது அம்மனுக்குப் புதுசாக ஏதோ ஆட்டம் என்று முடிவு செய்து கை தட்டினார்கள். ஒருத்தி, "அந்தப் பெரிய ஆளு தப்பு தப்பா ஆடுறாரு" என்றாள். உண்மை. மூன்றாவது உருவத்தில் ரக்பித் தோள்காரர் எப்போதும் இடது வலது மாறிவிடுவார். அதன்பின் மாறவில்லை.

காற்று அடங்கிய காலையில் கிளம்பினோம். பூசாரி பாராசூட் பைகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தலைக்கவசத்துக்கு நெற்றி எது என்று தேடி, சரியாக லென்ஸின் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். நான் பதறி, கையில் அகப்பட்ட துணியால் துடைத்தேன். அகப்பட்டது நான் கட்டியிருந்த வேட்டியின் முனை. காப்புக்காரனின் வேட்டி மஞ்சள் நீரில் நனைத்தது. கண்ணாடி சுத்தமாகிவிட்டதாகத்தான் நிழலில் தெரிந்தது.

வழியில் சோதனைச் சாவடியில் ஒரு ராணுவச் சிப்பாய் வேனை நிறுத்தினான். வெறுங்காலோடு, மஞ்சள் வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு, மடியில் கேமரா முளைத்த தலைக்கவசம் வைத்திருந்த என்னை வெகுநேரம் பார்த்தான்.

"எதைப் படம் பிடிக்கப் போறீங்க?"

"இவங்க நாலு பேரும் கையைப் பிடிச்சுக்கறதை."

"எங்கே?"

மேலே காட்டினேன். அவனும் மேலே பார்த்தான்.

"கூட்டம் கூட அனுமதி இருக்கா?"

வண்டியோட்டிய எங்கள் பெரிய ஆள் வாய் திறக்குமுன் நர்ஸ் முந்திக்கொண்டாள். "மேல கூடறதுக்கு எந்த ஆபீஸ்ல கேக்கணும், சொல்லுங்க. வாங்கிட்டு வரேன்."

பெரிய ஆள் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சிப்பாயிடம் அவர்கள் மொழியில் நிதானமாக ஏதோ சொன்னார். சிப்பாய் என் பக்கம் திரும்பினான்.

"உங்க ஆளுங்க எல்லாம் ஆஸ்திரேலியா போறாங்களே, நீ போகல?"

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, மூன்று நாள் காத்திருக்காமல் பதில் வந்தது. "இப்ப முப்பத்தஞ்சு நொடி நாட்டை விட்டுப் போறேன். திரும்பி இங்கயேதான் விழுவேன்."

அவன் சிரிக்கவில்லை. குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

மைதானத்தில் நர்ஸ் ஒவ்வொருவரின் பாராசூட்டையும் சோதித்தாள். முதுகுப் பையை மூடிவைக்கும் ஊசி, ரிசர்வ் பாராசூட்டின் கைப்பிடி, உயரம் பார்த்துத் தானே திறந்துவிடும் கருவி, என் தாடைக் கொக்கி. கயிறு கேமராவில் சிக்கினால் தலைக்கவசத்தையே கழற்றி எறிவதற்கு அந்தக் கொக்கி. பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை அறுங்க."

"அறுக்க முடியாது, தங்கச்சி. காப்பு."

"தொங்கறது எதுவும் மேல வராது. கைப்பிடியில மாட்டினா அம்மன் வந்து இழுப்பாளா?"

"அறுத்தா நான் தீ மிதிக்க முடியாது."

"மாட்டினா மிதிக்கக் காலே இருக்காது."

விமானி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அவள் மருத்துவமனை பிளாஸ்டரை எடுத்து, கிழங்கோடு சேர்த்து என் மணிக்கட்டை முழங்கை வரை இறுகச் சுற்றினாள், எலும்பு முறிந்தவனுக்குச் சுற்றுவதுபோல. மேலே கையுறை மாட்டி, தானே இழுத்துப் பார்த்தாள். வேட்டிக்கு மேல் குதிக்கும் உடையைப் போட்டுக்கொண்டதில் என் தொப்பை இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. தம்பிக்காரன் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான்.

பத்தாயிரம் அடியில் விமானக் கதவு திறந்தது. நான் வெளியே படியில் தொற்றிக்கொண்டேன். தலைவி தலையசைத்ததும் ஐவரும் போனோம்.

முதல் உருவம் வாசலிலேயே பிடித்தாயிற்று. விட்டார்கள். இரண்டு. மூன்றில் பெரிய ஆள் சரியான பக்கம் திரும்பினார்; முற்றத்துப் பெண்களின் விமர்சனம் வேலை செய்திருந்தது. கீழே அறுவடைக் கரும்புக் காடுகளின் புகை. நான்கு, ஐந்து, ஆறு. ஏழு. இன்னும் நேரம் இருப்பது எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. முழுக்கக் கைவிட்டார்கள். அண்ணன்காரன் கை நீண்டு, நர்ஸின் உடையில் காலோரம் இருந்த பிடியைத் தொட்டு, பிடித்தது. எட்டு. நான் என் கண்ணால் பார்த்தேன். நால்வரும் நான்கு திசையில் விலகிப் பறந்தார்கள். நான் நடுவில் பாராசூட்டைத் திறந்தேன்.

காற்று ஆற்றுப் பக்கம் தள்ளியது. அந்தக் கரையில் அழகான பச்சைப் புல்வெளி, இறங்குவதற்கென்றே விரித்ததுபோல. இந்தக் கரையில் எரித்து வெட்டிய கரும்புத் தட்டைகள். திருப்பி, திருப்பி, தட்டைக்கு நடுவே பிருஷ்டத்தில் இறங்கினேன். கால் இந்தப் பக்கம்தான் இருந்தது. மற்றதும்தான்.

ஷெட்டில் சின்னத் திரையில் படத்தைப் போட்டோம். ஏழு வரை கண்ணாடிபோல இருந்தது. எட்டாவது உருவத்தில் எல்லாரும் சுழன்றிருந்ததால் சூரியன் நேரெதிரே வந்திருந்தது. லென்ஸில் நான் பூசிவைத்திருந்த மஞ்சள் அந்த வெளிச்சத்தில் தீபம்போலப் பற்றி எரிந்தது. சரியாக அண்ணன்காரனின் கையும் அவளுடைய காலும் இருந்த இடத்தில்.

நான் தொழில்முறைக் கேமராக்காரன். என் வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கம்ப்யூட்டர்ல கொஞ்சம் மஞ்சளை எடுத்துடலாம், தெரியாது," என்றான் தம்பிக்காரன்.

நர்ஸ் திரும்பினாள். "எடுக்கக் கூடாது. பேப்பர்ல தினமும் எடுக்கறாங்களே, போதாதா? வந்தது வந்தபடி போகட்டும்."

தணிக்கையில் அந்த வாரச் செய்தித்தாள்கள் ஓட்டை ஓட்டையாக வந்துகொண்டிருந்தன. படம் அப்படியே நடுவர்களுக்குப் போயிற்று.

தீமிதி அன்று நான் மிதித்தேன். கால் சுடவில்லை என்று சொன்னால் பொய். சுட்டதாகச் சொன்னால் பூசாரிக்குக் கோபம் வரும். ஊரடங்கு நேரத்துக்கு முன்னால், பொழுது சாயும் வேளையில், கோயில் சுவரில் ஒரு வெள்ளை வேட்டி கட்டி அந்தப் படத்தைப் போட்டோம். மறுநாள் விமானம் ஏறவேண்டிய நர்ஸ் கூட்டத்தின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பெரிசுகள் தமிழிலும், பிள்ளைகள் ஹிந்தியிலும், ஓரத்தில் நின்ற பெரிய ஆள் தன் மொழியிலும் உருவங்களை எண்ணினார்கள். ஏழு வரை கண்ணால் எண்ணினார்கள். அடுத்து சுவரெல்லாம் மஞ்சளாகியது. கை தெரியவில்லை, கால் தெரியவில்லை. பிறகு முற்றம் முழுவதும், ஒத்திகை பார்த்த பெண்கள் முதலில், எட்டு என்று கத்தியது. நர்ஸ் முகத்தைக் கைகளில் பொத்திக்கொண்டாள். அவளை நான் படம் பிடிக்கவில்லை.

அவள் போன பிறகு நடுவர்களின் தீர்ப்பு வந்தது. ஏழு. எட்டாவது தெரியவில்லையாம். அவர்கள்மேல் தப்பில்லை, அவர்கள் முற்றத்தில் இல்லை. சாதனை நாட்டின் பெயரில் பதிவாயிற்று.

மைத்துனன் வழக்கம்போலக் கூப்பிட்டான். மருத்துவப் பரிசோதனைக்கு நான் போகாததில் கோபம். "அத்தான், அங்க உக்காந்து என்னத்தக் கிழிச்சீங்க?"

"ஏழு," என்றேன். "காகிதத்துல ஏழு. எங்க கோயில்ல வந்து கேளு, எட்டும்பாங்க."

"என்ன உளறீங்க? டிக்கெட் போடவா, வேணாமா?"

"போடு. உனக்கு. அடுத்த தீமிதிக்கு வா," என்றேன். "ஆத்தைத் தாண்டி வந்துட்டா அப்புறம் திரும்பிப் போக விடமாட்டோம்."

லென்ஸை நான் இன்னும் துடைக்கவில்லை. வேறொன்று வாங்கி மாட்டியிருக்கிறேன்.