மேகத்துக்குள் போன பைலட்

இன்று மதியம் என் மாடல் போர் விமானத்தை முடித்தேன். ஒரு சாண் நீளம். பைலட்டின் ஹெல்மெட்டுக்கும் பெயின்ட் அடித்திருந்தேன். கடைசியாகப் பைலட்டுக்கு மேலே வரும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடியை ஒட்டும்போது அதன் மேல் பசை அப்பிவிட்டது.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் எண்ணெய்க் கறை எடுக்கும் வேலை.

"அழுவாத கண்ணு. எத்தனை ஆயில் கறை எடுத்திருக்கறேன், இது எம்மாத்தரம்?"

கம்பெனியிலிருந்து கொண்டுவந்த லிக்விடைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தார். பிளாஸ்டிக்கே கரைந்து மூடி வெள்ளையாகிவிட்டது. பைலட்டைக் காணோம்.

"ஐயோ, கெடுத்துப்போட்டனா?"

"இல்லீங்கம்மா. மேகத்துக்குள்ள போயிட்டாருங்க."

அம்மா சிரிக்கவில்லை. பஞ்சைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் அதே வெள்ளையில் வெடித்திருந்தது.

"கிளவுஸ் போட மாட்டீங்களா?"

"போட்டா கை ஓடாது கண்ணு. பீஸ் தேங்கிருச்சுன்னா சூப்பர்வைசர் கத்துவாரு."

பிளாஸ்டிக்கைக் கரைக்கும் லிக்விடில் தினமும் அந்தக் கைகள்.

மூடியை மறுபடி தெளிவாக்க இந்த மாடல் குரூப்பில் ஆளுக்கொரு வழி சொல்வீர்கள் என்று தெரியும். பைலட் மேகத்திலேயே இருக்கட்டும். அம்மாவின் லிக்விடில் கரையாத, கையும் ஓடுகிற கிளவுஸ் எங்கே கிடைக்கும்? அதை மட்டும் கமெண்டில் சொல்லுங்கள்.