கதவருகே ஒரு குரல்

முதலில் சீரகமும் மல்லியும் கலந்த மணம் வரும். பிறகுதான் அப்பா வருவார். சிங்கப்பூரின் தேக்காவில் மளிகைக்கடை வேலை முடித்து, உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டு இரும்புக் "கேட்" முன்னால் வந்து நின்று, சாவி சட்டைப்பையிலேயே இருந்தாலும் அதை எடுக்காமல், தொண்டையை ஒருமுறை செருமிவிட்டு, "கதவத் தொறம்மா, ராசா வந்துட்டேன்" என்பார். "எந்த ஊரு ராசா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா திறப்பார்.

என் அண்ணன் சேகருக்கு ஆட்டிசம். சொந்தமாக ஒரு சொல்லும் பேசாத வயதில், கேட்டதைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வான். முறுக்கு "டின்"னைத் தூக்கி வந்து, அப்பாவைப் போலவே செருமி, "கதவத் தொறம்மா, ராசா வந்துட்டேன்" என்றால் மூடியைத் திறக்க வேண்டும் என்று பொருள். ஜன்னலுக்கும் அதுதான், தண்ணீர் பாட்டிலுக்கும் அதுதான், அம்மா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அதற்கும் அதுதான். "ஒரு வீட்டுக்கு ரெண்டு ராசா லா, அப்ப நான் எங்க போறது?" என்று அப்பா சிரிப்பார்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த ஆசிரியை நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். இரவல் வாக்கியத்துக்கு அசையாதீர்கள், அவனாகக் கேட்கும்வரை காத்திருங்கள் என்றார். வெளியுலகில் இவன் பாஷை யாருக்குப் புரியும் என்று அம்மாவுக்கும் பயம். டின்னை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அண்ணன் செருமிச் செருமி, அதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் தரையில் விழுந்து அழுவான். அம்மாவும் அழுவார், ஆனால் திறக்க மாட்டார். ஒரு நாள் அவன் "ஓப்பன், ப்ளீஸ்" என்றான், அச்சு அசல் ஆசிரியையின் குரலில். வீடே கைதட்டியது, அப்பாவும்தான். அதன் பிறகு ராசா அவன் வாயில் வரவேயில்லை.

இப்போது அப்பா இல்லை. கல்யாணக் காணொளிகளில் சிரிக்கிறார், பேசக்கூடச் செய்கிறார். கதவருகே சொன்னது மட்டும் எதிலும் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வாசகம் இருக்கும். தினமும் கேட்பதை யார் பதிவுசெய்து வைக்கிறோம்?

மாலையானால் அம்மா அந்த டின்னை எடுத்து வந்து, காதோரம் நரைத்துவிட்ட அண்ணன் எதிரில் உட்கார்ந்து, மூடியில் கையை வைத்தபடி தாமே தொண்டையைச் செருமுகிறார்.

"சொல்லு, ராசா."

அண்ணன் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான், மூடியைப் பார்க்கிறான். பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே, தெளிவாகச் சொல்கிறான்: "ஓப்பன், ப்ளீஸ்."

அம்மா திறந்து கொடுக்கிறார்.