சாமிப் படங்களுக்குப் பின்னால் இருந்த சுவர்

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, வேலையிலிருந்து நின்ற பிறகும் தோட்டத்து வரிசை வீடான அதே லயத்தில் இருந்த என் அம்மாவுக்கு, ஐப்பசி மழை தொடங்கியதும் நெஞ்சில் இழுப்பு வந்துவிடும். ஈரமில்லாத அறையில் படுக்க வையுங்கள் என்றார் பதுளை ஆஸ்பத்திரி மருத்துவர். மாத்திரை எழுதித் தருவதுபோல இலகுவாகச் சொன்னார். அந்த ஓர் அறைக்காகத்தான், நான் ஆசிரியையாக இருக்கும் பண்டாரவளையில் வீடு தேடினேன்.

வீடு பார்ப்பதற்கு முன் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். கதவு நிலையின் அடிமரம் உப்பியிருக்கிறதா என்று விரலால் அழுத்த வேண்டும். அலுமாரியைத் திறந்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். இப்படிப் பார்த்தே பல வீடுகளை வேண்டாம் என்றேன். ஒரு வீட்டில் கட்டிலை நகர்த்தச் சொன்னதற்கு, வீட்டுக்காரம்மா என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கடைசியில் வாங்கிய வீட்டை விற்றவர் எங்கள் தோட்டத்துக்காரர். இளவயதிலேயே டவுனுக்கு வந்து மரக்கறி வியாபாரத்தில் முன்னேறியவர். அம்மாவை அக்கா என்றும் என்னை மக என்றும் அழைத்தார். வெள்ளிக்கிழமை பார்த்து வரச் சொன்னார். ஆவணி மாதம், வாரக்கணக்கில் மழையில்லை, வீடெங்கும் சாம்பிராணிப் புகை. அந்தப் புகைக்குள் வேறு எந்த வாடையும் மூக்குக்கு எட்டவில்லை.

மலைநாட்டில் மேட்டை வெட்டித்தான் வீடு கட்டுவார்கள். பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கும். அந்தச் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அங்கேதான் சாமி அறை இருந்தது. கூரையிலிருந்து தரைவரை புது மஞ்சள் பட்டுத்துணி. அதன்மேல் முருகன், லட்சுமி, பிள்ளையார் என்று பெரிய கண்ணாடிப் படங்கள். துணியின் ஓரத்தை விலக்கக் கையை நீட்டினேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாத புள்ள. அவங்க கும்புடுற எடம். விளக்கு எரியுது பாரு."

பிறர் வீட்டுச் சாமியைத் தொடுவது எங்களிடையே வழக்கமில்லை. கட்டிலை நகர்த்தச் சொல்லலாம். சாமியை நகர்த்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு விற்றவருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டை ஒப்படைத்த நாளில் அவர் படங்களைக் கழற்றவில்லை. சாமியை இறக்கிக்கொண்டு போனால் வீடு வெறிச்சோடிவிடும், அக்கா கும்பிடட்டும் என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் யாருக்கு இந்த மனசு வரும் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னார். சாமிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன் என்று அந்த அறையிலேயே கட்டிலைப் போடச் சொன்னார்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்த சில நாட்களில் அம்மாவுக்கு இழுப்பு வந்தது. லயத்தில் வந்ததைவிடக் கடுமையாக வந்தது. ஒரு காலை, லட்சுமியின் முகத்தில் தேமல்போல ஏதோ படர்ந்திருப்பதைக் கண்டேன். கண்ணாடிக்கு உட்புறம் நீர் கோத்திருந்தது. இம்முறை அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. படங்களை ஒவ்வொன்றாக இறக்கித் துணியை இழுத்தேன். ஈரச் சேலையின் கனத்தோடு கையில் வந்து விழுந்தது. பின்னால் சுவர் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம். அதன் நடுவே, பழைய பூஞ்சணத்தைச் சுரண்டிப் பூசிய சுண்ணாம்புத் திட்டுகள். மேசனைக் கூட்டிவந்து காட்டினேன். மேட்டுத் தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது, பின்னால் தண்ணீர் வடியக் கான் வெட்ட ஒரு சாண் இடமும் இல்லை, மேலே இன்னொருவர் வீடு நிற்கிறது என்று சொல்லிவிட்டு அவர் தேநீரைக் குடித்தார்.

விற்றவரைச் சந்தையில் சந்தித்தேன். லீக்ஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அம்மாவைத்தான் முதலில் விசாரித்தார். சுவரைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் வியப்பில்லை.

"ஏன் மாமா முந்தியே சொல்லல?"

"நீங்க கேக்கலயே மக. மலநாட்டுல ஈரமில்லாத செவரு எங்க இருக்கு? லயத்துல இருந்தவங்கதான நாம."

நாம என்ற அந்தச் சொல்லை அவர் அன்போடுதான் சொன்னார். வேறு யாரிடமும் இந்த வீட்டை அவர் இவ்வளவு இலகுவாக விற்றிருக்க முடியாது என்று திரும்பி நடக்கும்போது தோன்றியது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்தபடி, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"லயத்துல தண்ணி... நம்ம கண்ணு முன்னாடி வந்துச்சு. சட்டிய வச்சோம். இது சாமிக்குப் பின்னால... ஒளிஞ்சிருந்துருக்கு."

முன்னறையில் படுக்க வைத்துப் பார்த்தேன். வாடை சுவரைத் தாண்டி அங்கும் வந்தது. மருத்துவர் இந்த வீட்டில் இருக்கவே கூடாது என்றார். எங்கே போவது என்பதை அவர் சொல்லவில்லை, அம்மாவே சொன்னார். மறுநாள், தோட்டத்திலேயே இருக்கும் என் தம்பி வந்து அவரை அழைத்துப் போனான், நான் வீடு வாங்கி அவரை மீட்டதாக நினைத்த அதே லயத்துக்கு.

வாரக் கடைசியில் தொலைபேசியில் பேசினார். தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"இப்ப தேவல புள்ள, ராத்திரி நல்லாத் தூங்குனேன், நீ சாப்டியா?"

நடுவில் ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை. அதற்காக நான் மகிழ வேண்டியிருந்தது.