மலைக்கு மொட்டை

"...குடுமியெல்லாம் வைக்க முடியாதுக்கா. மொட்டைன்னா மொட்டைதான். வர்ற ஞாயித்துக்கிழமை மலையில வச்சு முடிச்சிருவோம்" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் வீட்டுக்குள் நுழைந்தேன். எதிரே பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அதையா பார்த்தேன்? என் காதில் விழுந்தது ஒரே சொல். மொட்டை! மாமாவின் கைக்குழந்தைக்குச் சுருட்டை முடி காதை மூடித் தொங்கிய காலம் அது. மொட்டை என்றால் கிடாவெட்டு. கிடாவெட்டு என்றால் கறிச்சோறு. பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒருத்தர் பாக்கியில்லாமல் சேதி சொல்லிவிட்டேன்.

ஞாயிறு விடிந்ததும் பச்சைப் பாவாடை, தலை கொள்ளாத கனகாம்பரம், கையில் பவுடர் டப்பா நிறைய அரைத்த சந்தனம். "பிள்ளை வேடிக்கை பாத்துட்டு வரட்டும்" என்று அம்மா என்னை லாரியில் ஏற்றிவிட்டார். டிரைவருக்கும் மாமாவுக்கும் நடுவில் நான். குழந்தையைக் காணோமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அத்தையோடு பஸ்ஸில் வரும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

வருசநாட்டில் போய் இறங்கினால் கோயிலும் இல்லை, கிடாவும் இல்லை. சரிவு முழுக்க மாமாவின் இலவ மரங்கள். அடியில் மிஷின் ரம்பத்தோடு ஆட்கள். கீழே ஓடை, ஓடையை ஒட்டிப் பெரியம்மாவின் மொச்சைக்காடு.

"மாமா, மொட்டை யாருக்கு?"

மாமா என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். விளங்கியதும் சரிவே அதிரச் சிரித்தார். "ஏலே, இங்கன வாங்கடா! எம் மருமக மலைக்குப் பூசச் சந்தனம் கொண்டாந்திருக்கா!"

"இந்த மண்டைக்கு ஒரு டப்பா பத்தாது தாயி, ரெண்டு லோடு அடிக்கணும்" என்றார் ரம்பக்காரர். ஒரு மரம் விடாமல் மொத்தமாக வெட்டுவதற்கு அவர்கள் பாஷையில் மொட்டை என்று பெயராம்.

எனக்கு வந்த அழுகை முதல் மரம் சாய்ந்ததும் பறந்துபோனது. அடேயப்பா, என்ன சத்தம்! உச்சியில் பறிக்காமல் விட்டிருந்த காய்கள் வெடித்து, பஞ்சு வானத்துக்குக் கிளம்பியது. வேலையாட்களின் மீசையில் பஞ்சு, டீக்கிளாசில் பஞ்சு, என் கனகாம்பரத்தில் பஞ்சு. ஒவ்வொரு மரத்துக்கும் நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிவிட்டது.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில் பெரியம்மா மேலேறி வந்தார்.

"எலே தம்பி, ஓடைக்கரை வரிசைய மட்டுமாவது விட்டுருடா. மழை பேஞ்சா மண்ணு எங்கன வந்து நிக்கும்? எங்காட்டுலதான? எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்டா."

"ஒத்தை ஒத்தையா வெட்டுனா விழுகுற மரம் நிக்கிறத முறிச்சுப்போட்டுரும்க்கா. எல்லாம் கிழடு, காய்ப்பும் கொறைஞ்சுபோச்சு. மொத்தமா எடுத்தாத்தான் வியாபாரி லாரி விடுவாக. வெயில் விழுந்தா புதுக்கன்னு சடசடன்னு ஏறிரும். நானும் எத்தனை காலத்துக்கு வாடகை வீட்டுல கெடக்குறது?"

"கன்னு வர்றதுக்குள்ள மழை வந்துருமேடா."

"ஒனக்கு எப்பவும் பயந்தான்."

இரண்டு பேர் பேச்சிலும் பொய் இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. தடிகள் தீப்பெட்டிக்கும் பெட்டிப் பலகைக்கும் போயின. ஊர்ப் பெண்கள் கிளைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிப்போய் மாதக்கணக்கில் அடுப்பெரித்தார்கள். "மகராசன், வெறகு வாசனையா எரியுது" என்று மாமாவை வாழ்த்தினார்கள். பழனிசெட்டிபட்டியில் அவர் வீடு மளமளவென்று எழுந்தது. ஐப்பசி பிறந்தபோது மேலே கான்கிரீட் போட்டாகிவிட்டது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் லீவு. வருசநாட்டில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். காலையில் காட்டுக்குப் போனோம். ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை. பூத்திருந்த மொச்சையும் இல்லை. சரிவிலிருந்து வரப்புவரை ஒரே செம்மண், வழுவழுவென்று. அதில் உட்கார்ந்து சறுக்கினால் சும்மா விர்ரென்று போகலாம்! நான் நாலு தரம் சறுக்கி முடித்தபோது முதல் பஸ்ஸில் மாமா வந்து சேர்ந்தார்.

வரப்பில் குந்தியிருந்த பெரியம்மா நிமிர்ந்தார்.

"கான்கிரீட்டு போட்ட கையோட நல்ல மழைடா தம்பி. தளம் நல்லா நனைஞ்சிருக்கும், வீடு வெடிக்காது."

வாழ்த்துகிறாரா, குத்துகிறாரா? எனக்குப் பிடிபடவில்லை. மாமா ஏதாவது வேடிக்கையாகத் திருப்பிச் சொல்வார் என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். பெரியம்மாவின் மண்வெட்டியால் சேற்றை வெட்டி இரும்புச்சட்டியில் நிரப்பி, தலையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறினார். மேலே ஒரு வேர்க்கட்டையின் அடியில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"போதும்டா, விடு" என்றார் பெரியம்மா. மாமா கேட்கவில்லை.

மண்ணை மலைக்கே திருப்பிக் கொண்டுபோகும் விளையாட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு சிரட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். "மாமா, யார் சீக்கிரம் கொட்டுறா பாப்பமா?" மறுபடியும் தூறல் பிடித்தது. மேலே கொட்டிய மண் எங்களை முந்திக்கொண்டு கீழே இறங்கியது. எனக்கோ சிரிப்புத் தாங்கவில்லை.

மாமா அடுத்த சட்டியை நிரப்பித் தலையில் தூக்கி வைத்தார்.